இஎஸ்ஜி ரேட்டிங் போடுற ஏஜென்சிகாரங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வருஷா வருஷம் நீங்க அனுப்புற அந்த நீளமான கேள்வித்தாள நிரப்பி திருப்பி அனுப்புற பக்கத்துல உக்காந்திருக்கற ஆள் நான். எந்த கம்பெனி, எந்த ஏஜென்சின்னு சொல்லப் போறதில்ல, சொன்னா அது ரெண்டு பேருக்குள்ள நடக்கற சண்டையா போயிடும், நான் சொல்ல வர்றது உங்க எல்லாருக்குமே பொது. இஎஸ்ஜின்னு சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்னு மூணு பெரிய சமாச்சாரத்த ஒண்ணா கலந்து கடைசில ஒரு எழுத்தோ ஒரு நம்பரோ போட்டுடறீங்க. அத பாத்து ஃபண்டு மேனேஜர் காசு போடுறாரு, சில லோனுக்கு வட்டியே அத வெச்சுதான் ஏறி எறங்குது, பல கம்பெனில பெரிய தலைங்களோட போனஸும் அதுல ஒட்டியிருக்கு. ஆனா அந்த ஒத்த எழுத்து எப்படி வந்துச்சுன்னு கேட்டா மட்டும் அது எங்க சொந்த மெத்தடாலஜி, வெளிய சொல்ல முடியாதுன்னு பதில் வருது.

2022ல ஃப்ளோரியன் பெர்க், ஜூலியன் கோல்பெல், ராபர்டோ ரிகோபோன்னு மூணு ஆராய்ச்சியாளருங்க வெளியிட்ட ஆய்வ நீங்க படிக்காம இருந்திருக்க மாட்டீங்க. ஆறு ஏஜென்சியோட மார்க்க பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தா கோரிலேஷன் (ஒருத்தர் மார்க் இன்னொருத்தர் மார்க்கோட எவ்ளோ ஒத்துப்போகுதுங்கற அளவு, முழுசா ஒத்துப்போனா 1) சராசரி 0.54தான், ஜோடி ஜோடியா பாத்தா 0.38ல இருந்து 0.71 வரைக்கும். கடன் ரேட்டிங்ல பெரிய ஏஜென்சிங்களுக்குள்ள இது 0.9க்கும் மேல. அதாவது ஒரு கம்பெனி கடன திருப்பி கட்டுமா கட்டாதான்னு கேட்டா எல்லாரும் ஏறக்குறைய ஒரே பதில சொல்றாங்க, அதே கம்பெனி ஒழுங்கா நடந்துக்குதான்னு கேட்டா ஆளுக்கொரு பதில். இத பத்தி கேட்டா நீங்க எப்பவும் சொல்றது, எங்களுக்குள்ள முக்கியத்துவம் வேற வேற, ஒருத்தர் கார்பனுக்கு அதிகம் குடுப்போம், இன்னொருத்தர் தொழிலாளர் விஷயத்துக்கு அதிகம் குடுப்போம், முதலீட்டாளர் அவருக்கு பிடிச்சத எடுத்துக்கட்டும்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதே ஆய்வு அந்த வித்தியாசத்த பிரிச்சு பாத்தப்ப வெயிட்டேஜ்னால வர்றது வெறும் 6 சதவீதம், எந்தெந்த விஷயத்த சேத்துக்கறீங்கங்கறதுனால 38 சதவீதம், மிச்சம் 56 சதவீதம் ஒரே விஷயத்த ஆளுக்கொரு விதமா அளக்கறதுனால. பாதிக்கு மேல பிரச்சனை அளவுகோல்லயே இருக்கு, கருத்து வேறுபாடுன்னு சொல்லி தப்பிக்க முடியாது. இன்னொண்ணும் கண்டுபிடிச்சாங்க, ஒரு ஏஜென்சிக்கு ஒரு கம்பெனிய ஒரு விஷயத்துல பிடிச்சுப்போச்சுன்னா மத்த விஷயத்துலயும் கை கொஞ்சம் தாராளமாயிடுதாம்.

சரி, நீங்க அளக்கறது என்னன்னாவது தெளிவா இருக்கான்னு பாத்தா அதுவும் இல்ல. கம்பெனியால உலகத்துக்கு வர்ற பாதிப்பையா, இல்ல உலகத்தால கம்பெனியோட லாபத்துக்கு வர்ற ஆபத்தையா? பொதுஜனம் நினைக்கறது முதலாவது, உங்கள்ல பெரும்பாலானவங்க அளக்கறது ரெண்டாவது. 2021 டிசம்பர்ல ப்ளூம்பர்க் பிசினஸ்வீக் ஒரு பெரிய கட்டுரை போட்டுச்சு, உங்கள்ல ஒருத்தரான எம்எஸ்சிஐ மெக்டொனால்ட்ஸுக்கு ரேட்டிங்க ஒசத்துச்சு, அதுக்கு முன்னாடி கார்பன் உமிழ்வையே அந்த கம்பெனி கணக்குல இருந்து எடுத்துடுச்சு, ஏன்னா பருவநிலை மாற்றத்தால அந்த கம்பெனிக்கு பெரிய ஆபத்தோ வாய்ப்போ இல்லன்னு முடிவு பண்ணாங்களாம். சில நாடுங்களோட மொத்த உமிழ்வ விட அதிகமா புகை விடுற ஒரு சப்ளை செயின், அதுக்கு கார்பன் ஒரு விஷயமே இல்லன்னா, உங்க விதிப்படி அது சரியான கணக்காவே இருக்கலாம். ஆனா "சஸ்டெய்னபிள்"னு பேர் போட்ட ஃபண்ட வாங்கற ஒரு ஸ்கூல் டீச்சருக்கு அந்த விதி தெரியுமா? 2022 மே மாசம் எஸ் அண்ட் பி 500 இஎஸ்ஜி இண்டெக்ஸ்ல (இஎஸ்ஜி மார்க் பாத்து அமெரிக்க பெரிய கம்பெனிங்கள பொறுக்கற பங்குப் பட்டியல்) இருந்து எலெக்ட்ரிக் கார் பண்ற டெஸ்லா வெளிய போச்சு, எண்ணெய் கம்பெனி எக்ஸான்மொபில் உள்ள இருந்துச்சு, உலகமே சிரிச்சுது. டெஸ்லாவ எடுத்ததுக்கு காரணம் இல்லாம இல்ல, ஃபேக்டரில இனப்பாகுபாடு புகார், ஆட்டோபைலட் விபத்து விசாரணைய கையாண்ட விதம்னு சொன்னாங்க, அதெல்லாம் நியாயமான கேள்விதான். எண்ணெய் கம்பெனிய எண்ணெய் கம்பெனியோட, கார் கம்பெனிய கார் கம்பெனியோட ஒப்பிட்டு அந்தந்த கூட்டத்துல முன்னாடி நிக்கறவங்கள எடுத்துக்கறதுதான் அந்த இண்டெக்ஸோட முறை. அந்த முறையே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ரேட்டிங் பக்கத்துலயே, அதே சைஸ் எழுத்துல, இது துறைக்குள்ள மட்டும் ஒப்பிட்டது, இது கம்பெனி லாபத்துக்கான ரிஸ்க் மட்டும்னு ஒரு வரி போட என்ன கஷ்டம்? அறுபது பக்க பிடிஎஃப்ல நாப்பதாவது பக்கத்துல போட்டுட்டு நாங்கதான் சொல்லிட்டோமேன்னு சொல்றது ஞாயமில்ல.

இதுல மார்க்கோட திசை கூட ஒண்ணா இல்ல. சஸ்டெய்னலிட்டிக்ஸ்ங்கற ஏஜென்சில நம்பர் கம்மியா இருந்தா நல்லது, 40க்கு மேல போனா படுமோசம். மத்த பல பேர்கிட்ட நம்பர் ஏறினா நல்லது. எங்க ஆபீஸ்லயே ஒருத்தர் ஸ்கோர் ஏறிடுச்சுன்னு சந்தோஷமா மெயில் போட்டு எல்லாரும் வாழ்த்து சொன்னப்பறம் விஷயம் தெரிஞ்ச கதை உண்டு.

இப்ப கேள்வித்தாளுக்கு வர்றேன். சப்ளையர்கிட்ட குழந்தைத் தொழிலாளர் இருக்கக்கூடாதுன்னு பாலிசி இருக்கா? போர்டு ஒப்புதல் குடுத்துச்சா? வெப்சைட்ல இருக்கா? ட்ரெயினிங் குடுத்தீங்களா? நாலுக்கும் ஆமான்னு டிக் அடிச்சா நாலு மார்க். போன வருஷம் எத்தனை சப்ளையர்கிட்ட போய் பாத்தீங்க, என்ன கிடைச்சுது, கிடைச்சத என்ன பண்ணீங்கன்னு கேக்கற கேள்விக்கு மார்க் கம்மி, இல்லன்னா "விரும்பினால் நிரப்பவும்". வீட்ல காய்ச்சல் இருக்கான்னு கேட்டா எங்கள்ட்ட நல்ல தெர்மாமீட்டர் இருக்குன்னு சொல்றவனுக்கு ஆரோக்கிய சான்றிதழ் குடுக்கற மாதிரி இருக்கு இது. விளைவு என்னன்னா கன்சல்டன்ட் வெச்சு அழகா பாலிசி எழுதற காசு இருக்கறவன் மேல போறான், நிஜமாவே ஒழுங்கா நடத்தற சின்ன கம்பெனி, எழுதி வெக்க ஆள் இல்லாததால கீழ கெடக்குது. பாலிசி வேணாங்கல, பாலிசிக்கு ஒரு மார்க் போதும், மீதிய நடந்ததுக்கு வைங்க.

பழைய உதாரணம் ரெண்டு மூணு சொல்றேன், உங்களுக்கு கசக்கும். 2015 செப்டம்பர்ல டோ ஜோன்ஸ் சஸ்டெய்னபிலிட்டி இண்டெக்ஸ்ங்கற பட்டியல் வோக்ஸ்வாகன கார் துறையோட முதலிடத்துல வெச்சுது, அதே மாசம் 18ம் தேதி அமெரிக்க சுற்றுச்சூழல் ஏஜென்சி அவங்க டீசல் மோசடிய வெளிய போட்டுச்சு, உலகம் முழுக்க 1.1 கோடி வண்டில டெஸ்ட் நேரத்துல மட்டும் நல்ல பிள்ளையா நடிக்கற சாஃப்ட்வேர். அடுத்த மாசம் பட்டியல்ல இருந்து எடுத்தாங்க. 2020ல பூஹூன்னு பிரிட்டன் துணிக் கம்பெனிக்கு தைக்கற லெஸ்டர் ஒர்க்‌ஷாப்புல மணிக்கு 3.50 பவுண்டுதான் கூலின்னு பத்திரிகைல வந்தப்ப அது எம்எஸ்சிஐகிட்ட ஏஏன்னு ஒசந்த ரேட்டிங் வாங்கியிருந்த கம்பெனி. சத்யம்ங்கற நம்ம ஐடி கம்பெனி 2008ல கார்ப்பரேட் கவர்னன்ஸுக்கு தங்க மயில் விருது வாங்குச்சு, 2009 ஜனவரி 7ல கணக்கே பொய்னு சேர்மனே லெட்டர் எழுதினாரு. அது ரேட்டிங் இல்ல விருதுதான், ஆனா அளந்த முறை ஒண்ணுதான், பேப்பர்ல இருந்தத பாத்து குடுத்தது.

இதெல்லாம் விட என்ன தூங்கவிடாதது கராச்சி அலி எண்டர்பிரைசஸ். 2012 செப்டம்பர் 11, கார்மென்ட் ஃபேக்டரில தீ, 250க்கும் மேல செத்தாங்க. அதுக்கு சில வாரம் முன்னாடிதான் அந்த ஃபேக்டரிக்கு தொழிலாளர் நலனுக்கான எஸ்ஏ8000 சான்றிதழ் கிடைச்சிருந்துச்சு, உடல்நலம் பாதுகாப்பு உட்பட எல்லாம் சரின்னு. தீய வெச்சது பணம் கேட்டு மிரட்டின கும்பல்னு பிற்பாடு கோர்ட் சொல்லுச்சு, அது வேற, ஆனா ஜன்னல்ல கம்பியும் பூட்டின வழியும் இல்லாம இருந்திருந்தா அத்தனை பேர் செத்திருக்க மாட்டாங்க. கதவு தொறக்குதான்னு ஒரு ஆள் போய் தள்ளி பாக்கற வேலை அது. அந்த மாதிரி ஒரு சான்றிதழோட ஸ்கேன் காப்பிய அப்லோட் பண்ணாதான் உங்க ஃபார்ம்ல பச்சை டிக் வருது, ஆடிட்டர் உள்ள எத்தனை நேரம் இருந்தாரு, முன்கூட்டியே சொல்லிட்டு வந்தாரா, ஃபீஸ் யாரு குடுத்தாங்கன்னு ஒரு கேள்வி கூட இல்ல.

பதில் இல்லாத கட்டத்த நீங்க என்ன பண்றீங்கங்கறது அடுத்த கூத்து. சிலர் பூஜ்ஜியம் போடுறீங்க, சிலர் துறை சராசரிய போட்டு நிரப்பிடறீங்க. சராசரி போடுற ஏஜென்சிக்கு, எங்க நம்பர் மோசமா இருந்தா வாய மூடிட்டு இருக்கறதே லாபம், இத கண்டுபிடிக்க பெரிய மூளை வேணாம், எல்லா கம்பெனிக்கும் தெரியும். பூஜ்ஜியம் போடுறவங்ககிட்ட சின்ன கம்பெனி அநியாயமா அடி வாங்குது. குறைஞ்சபட்சம், இந்த நம்பர் கம்பெனி குடுத்தது, இது நாங்களா போட்டதுன்னு ரெண்டு கலர்ல காட்டலாம்ல?

கார்பன் கணக்க பத்தி பேச ஆரம்பிச்சா விடிஞ்சுரும், ரெண்டே விஷயம் சொல்லிட்டு போறேன். ஸ்கோப் 3ல, அதாவது எங்க சப்ளையர், வாடிக்கையாளர் மாதிரி எங்களுக்கு வெளிய நடக்கற உமிழ்வுல, 15 வகை இருக்கு, அதுல வாங்கற பொருளோட உமிழ்வ பெரும்பாலும் எப்படி போடுறோம்னா, எவ்ளோ காசு செலவு பண்ணோம், அத ஒரு சராசரி எண்ணால பெருக்கு, அவ்ளோதான். அப்ப சப்ளையர கசக்கி விலைய கொறச்சா எங்க உமிழ்வு "கொறையுது", அவன் சுத்தமான மெஷின் வாங்கி விலைய ஏத்தினா எங்க உமிழ்வு "ஏறுது". நேர்மாறு! அதே மாதிரி வருமானத்துக்கு எத்தனை டன்னுங்கற இன்டென்சிட்டி கணக்கு, விலைவாசி ஏறி நாங்க விலைய ஒசத்தினா போதும், ஒரு கிலோ புகை கொறையாம ரேஷியோ அழகா எறங்கும், அத வெச்சு "முன்னேற்றம்"னு அம்பு மேல பாத்த மாதிரி ஐகான் போடுறீங்க. சப்ளையர்கிட்ட நேரா வாங்கின டேட்டா எவ்ளோ சதவீதம், காச வெச்சு மதிப்பிட்டது எவ்ளோ சதவீதம்னு பிரிச்சு கேளுங்க, மொத்த டன்னையும் பக்கத்துலயே போடுங்க. தண்ணிக்கும் இதே கதைதான், மொத்த கம்பெனிக்கும் ஒரு கூட்டல் நம்பர் வாங்கி என்ன பண்ணப்போறீங்க, மழை கொட்டற இடத்துல எடுத்த தண்ணியும் வறண்ட ஆத்துப்படுகைல உறிஞ்சின தண்ணியும் ஒண்ணா?

சும்மா திட்டறதுக்குன்னு எழுதல. உங்க கேள்வி வந்ததாலதான் எங்க ப்ளான்ட்ல பைப் பைப்பா தண்ணி மீட்டரே வெச்சாங்க, அதுக்கு முன்னாடி நாங்க கேட்டப்பல்லாம் பட்ஜெட் இல்லன்னாங்க. கேள்வி கேக்கறவனுக்கு சக்தி இருக்கு, அதனாலதான் கேள்விய சரியா கேளுங்கன்னு இவ்ளோ மல்லுக்கட்டறேன். உங்க பக்கம் உக்காந்திருக்கற அனலிஸ்ட்டுக்கும் தலைக்கு மேல வேலைன்னு தெரியும், ஒருத்தர் தலைல எக்கச்சக்க கம்பெனி. ஆனா ட்ராஃப்ட் ரிப்போர்ட்ல பேர் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கற இன்னொரு கம்பெனியோட ஸ்ட்ரைக்க எங்க பேர்ல எழுதி, சில நாள் டைம் குடுத்து, திருத்தம் அனுப்பினா ஆட்டோமேட்டிக் பதில் மட்டும் வந்து, ஃபைனல் ரிப்போர்ட்லயும் அந்த ஸ்ட்ரைக் அப்படியே நிக்கறப்ப எரிச்சல் வராதா? அதே வாரத்துல உங்க குரூப்போட இன்னொரு டிபார்ட்மென்ட்ல இருந்து "உங்க ஸ்கோர எப்படி ஒசத்தலாம்னு பேசலாமா"ன்னு மெயில் வேற.

பழைய மார்க்க மாத்தற பழக்கத்தையும் விடணும். 2020 ஏப்ரல்ல ரெஃபினிட்டிவ்ங்கற ஏஜென்சி மெத்தடாலஜிய மாத்தினப்ப முந்தின வருஷ ஸ்கோரும் சேந்து மாறிடுச்சுன்னு ஆராய்ச்சியாளருங்க காட்டினாங்க, அன்னிக்கு டவுன்லோட் பண்ணவருக்கு ஒரு வரலாறு, பிறகு டவுன்லோட் பண்ணவருக்கு வேற வரலாறு. புது முறைல திருப்பி கணக்கு போடுங்க, தப்பில்ல, பழசையும் தேதி போட்டு பக்கத்துலயே வெச்சிருங்க.

இதெல்லாம் நடைமுறைல முடியாதுன்னு சொல்லாதீங்க. மருந்து கம்பெனிங்க ஏழை நாட்டு நோயாளிங்களுக்கு மருந்து கிடைக்க என்ன பண்றாங்கன்னு அளக்கற ஆக்சஸ் டு மெடிசின் இண்டெக்ஸ் 2008ல இருந்து வந்துட்டு இருக்கு, மெத்தடாலஜி முழுசா வெளிய, யார் வேணா படிச்சு சண்டை போடலாம். கம்பெனிங்க மனித உரிமைய எப்படி மதிக்கறாங்கன்னு பாக்கற கார்ப்பரேட் ஹ்யூமன் ரைட்ஸ் பெஞ்ச்மார்க்ல எந்த கேள்விக்கு எந்த ஆதாரத்த பாத்து மார்க் போட்டாங்கன்னு கம்பெனி வாரியா போட்டிருக்காங்க, அதுலயும் புகார், குற்றச்சாட்டு வந்தப்ப கம்பெனி என்ன பண்ணுச்சுங்கறதுக்கு தனி மார்க். அவங்க அளக்கறது கம்மி கம்பெனி, உண்மைதான், நீங்க ஆயிரக்கணக்குல பண்றீங்க. ஆனா கம்மியா கேட்டு நல்லா பாக்கறது ஒரு வழிதானே. சட்டமும் வந்துட்டுதான் இருக்கு, 2023ல நம்ம பங்குச் சந்தைய கண்காணிக்கற செபி, ரேட்டிங் குடுக்கறவங்க பதிவு பண்ணியே ஆகணும்னு விதி கொண்டு வந்துச்சு, ஐரோப்பால 2024ல போட்ட சட்டம் 2026 ஜூலை 2ல இருந்து அமலுக்கு வருதுன்னு வெச்சாங்க. ஆனா அந்த ஐரோப்பிய சட்டம் எப்படி அளக்கணும்னு சொல்லல, அளந்தத மறைக்காதன்னுதான் சொல்லுது. எப்படிங்கறது இன்னும் உங்க கைலதான்.

அதனால ஒரே ஒரு அளவ எடுத்து உரிச்சு காட்டறேன், வேலைல அடிபடறவங்க ரேட். ஃபார்முலா ரொம்ப சுலபம், அடிபட்டவங்க எண்ணிக்கைய 2,00,000ஆல பெருக்கி, மொத்தம் வேலை பாத்த மணி நேரத்தால வகுக்கணும். அந்த 2,00,000 வந்தது 100 பேர், வாரத்துக்கு 40 மணி, வருஷத்துக்கு 50 வாரம்னு. இன்னொரு கூட்டம் 10,00,000ஆல பெருக்கறாங்க. கம்பெனிங்க சஸ்டெய்னபிலிட்டி ரிப்போர்ட் எழுத பயன்படுத்தற ஜிஆர்ஐ ஸ்டாண்டர்டு ரெண்டுல எது வேணா எடுத்துக்கோ, எதுன்னு சொல்லிடுன்னு விட்டிருக்கு. ஒரு ஃபேக்டரில 10 லட்சம் மணி நேர வேலைல நாலு பேருக்கு அடின்னா ஒரு கணக்குல 0.8, இன்னொண்ணுல 4. எதுன்னு சொல்ற அந்த குறிப்பு ரிப்போர்ட்ல அடிக்குறிப்பா இருக்கும், அது உங்க டேட்டாபேஸுக்குள்ள போறப்ப கழண்டு விழுந்துடுது, அப்பறம் 0.8 காரன் நல்லவன், 4 காரன் கொலைகாரன்.

அது கூட பரவால்ல, திருத்திடலாம். பெரிய ஓட்டை எங்கன்னா கான்ட்ராக்ட் ஆளுங்க. டேங்குக்குள்ள எறங்கி கழுவறது, சாரத்துல ஏறறது, லோடு ஏத்தறது, பாய்லர் நிறுத்தி ரிப்பேர் பாக்கறது, அடிபடற வேலை முக்காவாசி அவங்க கைல. அவங்க மணி நேரம் எங்க பேரோல்ல இல்ல, கான்ட்ராக்டர் ரெஜிஸ்டர்ல இருக்கு, அடிபட்டா அதுவும் அவர் கணக்கு. ஆக ஆபத்தான வேலைய வெளிய குடுக்க குடுக்க கம்பெனியோட பாதுகாப்பு ரேட் எறங்கிட்டே வரும், ஒரு ஹெல்மெட் கூட புதுசா வாங்காம. இன்னொரு வித்தையும் இருக்கு, கை ஒடைஞ்சவர மறுநாள் காலைல வண்டி அனுப்பி கூட்டிட்டு வந்து ஆபீஸ்ல ஃபைல் அடுக்க உக்கார வெச்சுட்டா அது லாஸ்ட் டைம் இஞ்சுரில (வேலைக்கு வர முடியாம போன காயம்) வராது, வேலைக்கு வந்துட்டாருல்ல. வேலைப் பாதுகாப்புக்கான ஜிஆர்ஐ 403ல சொந்த ஊழியர் தனி, கம்பெனி கட்டுப்பாட்டுல வேலை பாக்கற மத்தவங்க தனின்னு ரெண்டா கேக்கறாங்க. நீங்க பெரும்பாலும் எடுத்துக்கறது முதல் வரிய மட்டும், ரெண்டாவது வரி காலியா இருந்தாலும் மார்க் கொறையறதில்ல.

நான் கேக்கறது இதுதான். ரெண்டு வரியையும் கட்டாயமாக்குங்க, செத்தவங்க எண்ணிக்கைய ரேட்டா மாத்தாம எண்ணிக்கையாவே தனியா போடுங்க, கான்ட்ராக்ட் மணி நேரம் குடுக்காத கம்பெனிக்கு அந்த பகுதில மார்க்கே இல்லன்னு சொல்லிடுங்க, சராசரிய போட்டு நிரப்பாதீங்க. பண்ணீங்கன்னா முதல் வருஷம் எங்க ரேட் ஏறும், ரேட்டிங் எறங்கும், எங்க மேல இருக்கறவங்க என்கிட்டதான் கத்துவாங்க, பரவால்ல. ஆனா இந்த மாத்தத்த ஃபார்ம் அனுப்பற அன்னிக்கு சொல்லாதீங்க, வருஷம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. அப்பதான் கான்ட்ராக்ட் போடறப்பவே, மாசா மாசம் மணிக்கணக்கும் விபத்துக் கணக்கும் குடுக்கணும்னு ஒரு ஷரத்து சேக்க முடியும். வருஷம் முடிஞ்சப்பறம் போய் கேட்டா கான்ட்ராக்டர் ஒரு உத்தேச நம்பர் சொல்லுவாரு, நாங்க அத அப்படியே உங்களுக்கு அனுப்புவோம், நீங்க அத ரெண்டு தசம ஸ்தானத்தோட வெளியிடுவீங்க.

இப்படிக்கு,
உங்க ஃபார்ம நிரப்பற ஒருத்தர்